வீட்டில் செய்யும் எல்இடி வளர்ப்பு விளக்கு: அலுமினியச் சேனலா, ஃபின் ஹீட்சிங்க்கா, விசிறியா?

செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கைச் சொந்தமாகச் செய்ய முனைபவர்களில் பெரும்பாலோர் முதலில் எல்இடியை வாங்குகிறார்கள், பிறகு அதற்கேற்ற மின்னோட்டத்தைத் தரும் டிரைவரைத் தேடுகிறார்கள், எல்லாம் கைக்கு வந்த பின்தான் இதை எந்த உலோகத்தின் மேல் பொருத்துவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். வெப்பம் ஒரே புள்ளியில் குவிந்து பிறக்கப்போகிறதா, அகன்ற பரப்பில் சிதறிப் பிறக்கப்போகிறதா என்பதை எல்இடியைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்மானித்துவிடுகிறோம். அந்த முடிவுக்குப் பிறகு, வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் உலோகமான ஹீட்சிங்க்கின் அளவு பெரும்பாலும் கணக்குப்படி தானாக வந்துவிடும். ஆகவே கீழே நான் ஒப்பிடுவது ஹீட்சிங்க்குகளை மட்டுமல்ல. எல்இடியும் அதைத் தாங்கும் உலோகமும் சேர்ந்த முழு ஏற்பாடுகளை.

எத்தனை வாட் வெப்பம்?

விளக்கின் மின் வாட்டும் அது வெளியிடும் வெப்ப வாட்டும் ஒன்றல்ல. 100 வாட் மின்சாரத்தை உண்ணும் நல்ல வெள்ளை எல்இடி தொகுப்பில் ஏறக்குறையப் பாதி ஒளியாக வெளியேறிவிடுகிறது. மீதிப் பாதிதான் சிப்பிலேயே வெப்பமாகத் தங்கி, உலோகத்தின் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களான ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கான அலகு) என்ற எண் கொடுக்கப்பட்டிருந்தால் இந்தப் பங்கை நாமே கணிக்கலாம். வழக்கமான வெள்ளை ஒளியின் ஒரு ஜூலில் சுமார் 4.7 மைக்ரோமோல் ஃபோட்டான்கள் அடங்கியிருக்கின்றன. தரவுத்தாளின் எண்ணை இதனால் வகுத்தால், ஜூலுக்கு 2.3 மைக்ரோமோல் தரும் எல்இடி தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 50 விழுக்காட்டையும், 2.8 தருவது ஏறத்தாழ 60 விழுக்காட்டையும் ஒளியாக்குகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இந்த வகுக்கும் எண் வேறு: 660 நானோமீட்டர் சிவப்பில் ஒரு ஜூலுக்கு 5.5, 450 நானோமீட்டர் நீலத்தில் 3.76. ஃபோட்டான் ஒவ்வொன்றின் ஆற்றலும் அலைநீளத்தைப் பொறுத்து மாறுவதால் வரும் வேறுபாடு இது.

ஆனால் தரவுத்தாளின் எண் பெரும்பாலும் குறைந்த மின்னோட்டத்திலும் 25 டிகிரி வெப்பநிலையிலும் எடுக்கப்பட்டது. நாம் இயக்கப்போகும் மின்னோட்டம் அதைவிடக் கூடுதலாகவும் சிப் அதைவிடச் சூடாகவும் இருக்கும் என்பதால், கணக்குப் போடும்போது ஒளியின் பங்கை ஐந்து விழுக்காடு குறைத்தே எடுத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் சற்றுப் பெரிதாக அமைவதால் எந்தத் தீங்கும் வராது. டிரைவரில் இழக்கப்படும் ஏழெட்டு விழுக்காடு தனிக் கணக்கு. டிரைவரை ஹீட்சிங்க்கின் மேல் ஏற்றாமல், முடிந்தால் வளர்ப்புக் கூடாரத்துக்கு வெளியே தொங்கவிட்டால் அந்த வெப்பம் நம் கணக்கிலிருந்து முற்றிலும் விலகிவிடும். டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் விரைவில் மூப்படைபவை ஆதலால் அதற்கும் அதுவே நல்லது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். பெரிய ஹீட்சிங்க் போட்டால் கூடாரம் குளிர்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஹீட்சிங்க் சிப்பின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். காற்றை அது குளிர்விப்பதில்லை. ஒளியாக வெளியேறிய பாதியும் இலையிலும் சுவரிலும் பட்டு இறுதியில் வெப்பமாகவே முடிகிறது; ஒளிச்சேர்க்கையில் கட்டுண்டு நிற்பது அதில் மிகச் சிறிய பங்கு. கூடாரத்தின் வெப்பம் வெளியேற்றும் விசிறியின் பொறுப்பு. சிப்பின் வெப்பம் ஹீட்சிங்க்கின் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுக்குமே தவறான அளவைத்தான் வாங்குவோம்.

எவ்வளவு குளிர்ச்சி போதும்?

பல எல்இடிகளின் தரவுத்தாளில் உட்சந்தி (சிப்புக்குள் ஒளி பிறக்கும் இடம்) வெப்பநிலையின் உச்ச வரம்பு 100 டிகிரியைத் தாண்டியே இருக்கும். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் போதும் என்று நினைப்பது சரியல்ல, ஏனென்றால் அந்த எண் எல்இடி உயிரோடு இருப்பதற்கான வரம்பே தவிர நன்றாக உழைப்பதற்கான வரம்பு அல்ல. வெள்ளை எல்இடி 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் பத்து விழுக்காடு ஒளியை இழக்கிறது. தனிச் சிவப்பு எல்இடிகள் வேறொரு குறைக்கடத்திச் சேர்மத்தால் ஆனவை. அவற்றின் இழப்பு இதைவிடக் கூடுதல். ஆதலால் வெள்ளையோடு சிவப்பையும் கலந்து செய்யும் விளக்குகளில் குளிர்விப்பில் கஞ்சத்தனம் கூடாது.

ஆயுளும் இதே திசையில்தான் போகிறது. எல்இடிகளின் ஒளி காலப்போக்கில் மங்குவதை அளக்கும் எல்எம்-80 சோதனையில் 55 டிகிரி, 85 டிகிரி போன்ற உறை வெப்பநிலைகளில் அவற்றை ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த அறிக்கை கிடைத்தால் இரண்டு வளைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடான வளைவு விரைவாகச் சரிவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

என் கணிப்பில், எல்இடியின் அடிப்பகுதி 50 முதல் 60 டிகிரிக்குள் நிற்பதே வீட்டில் செய்யும் விளக்குக்கு நியாயமான குறிக்கோள். அதற்கும் கீழே இறக்க முயன்றால் உலோகமும் எடையும் வேகமாகக் கூடும். கிடைக்கும் கூடுதல் ஒளியோ ஓரிரு விழுக்காடுதான்.

பரப்பளவுக் கணக்கு

ஹீட்சிங்க்கைத் தேர்ந்தெடுக்கத் தேவையான சூத்திரம் எளிமையானது. உலோகம் காற்றைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கலாம் என்று முடிவுசெய்து, அதை வெப்ப வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்ற வெப்பத் தடை கிடைக்கும். கூடாரத்துக்குள் காற்று 30 டிகிரி, உலோகம் 48 டிகிரி, வெளியேற்ற வேண்டியது 50 வாட் என்றால், தேவைப்படும் வெப்பத் தடை வாட்டுக்கு 0.36 டிகிரி. புதிதாக வாங்கும் ஹீட்சிங்க்கின் தரவுத்தாளில் இந்த எண்ணையே நேரடியாகத் தேடலாம். பழைய சாதனத்திலிருந்து கழற்றியதோ, அளந்து வெட்டி வாங்கியதோ என்றால் பரப்பளவின் வழியாகத்தான் போக வேண்டும்.

சொந்தமாக விளக்குச் செய்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: விசிறி இல்லாவிட்டால் ஒரு வெப்ப வாட்டுக்கு சுமார் 110 சதுர செ.மீ., விசிறி இருந்தால் சுமார் 40 சதுர செ.மீ. இது எங்கிருந்தோ வந்த மந்திர எண் அல்ல, இயற்பியலோடு ஒத்துப்போகிறது. அசைவற்ற காற்றில் நிற்கும் ஃபின்களின் (ஹீட்சிங்க்கின் அடித்தட்டிலிருந்து எழும் மெல்லிய தகடுகளின்) பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 5 வாட் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. 110 சதுர செ.மீ. என்பது 0.011 சதுர மீட்டர். ஒரு வாட்டை 5 பெருக்கல் 0.011-ஆல் வகுத்தால் 18 டிகிரி உயர்வு வருகிறது. விசிறிக் காற்று அந்த 5-ஐ 15 அல்லது அதற்கு மேல் உயர்த்துவதால், 40 சதுர செ.மீ. பரப்பும் கிட்டத்தட்ட அதே 17 டிகிரியைத் தருகிறது. கைக்கணக்கு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் அதை நம் தேவைக்கேற்ப வளைக்கலாம். கூடாரக் காற்று 25 டிகிரியைத் தாண்டாது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் 25 டிகிரி உயர்வை ஏற்றுக்கொண்டு வாட்டுக்கு 80 சதுர செ.மீ. போதும் என்று முடிவுசெய்யலாம். காற்றே 35 டிகிரிக்குப் போகும் இடத்தில் வளர்ப்பவர்கள் 110-ஐயும் குறைந்தபட்சமாகத்தான் கொள்ள வேண்டும்.

பரப்பளவை எப்படி அளப்பது என்பதை ஓர் உதாரணத்தோடு காட்டிவிடுகிறேன். 30 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் கொண்ட அடித்தட்டில் 3 செ.மீ. உயரமுள்ள 12 ஃபின்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபினுக்கும் இரண்டு பக்கம். 30 பெருக்கல் 3 பெருக்கல் 2, ஆக 180 சதுர செ.மீ. பன்னிரண்டுக்கும் 2,160. அடித்தட்டின் மேற்பரப்பு 420. மொத்தம் 2,580 சதுர செ.மீ. இதே அளவில் இரண்டு வைத்தால் 5,160. அதாவது 50 வாட் வெப்பத்துக்கு வாட்டுக்கு 103 சதுர செ.மீ. கைக்கணக்கை ஒட்டியே வந்துவிட்டது. அடித்தட்டு 6 மி.மீ., ஃபின் 2 மி.மீ. தடிமன் என்றால் இந்த இரண்டின் எடையும் சேர்ந்து சுமார் இரண்டரை கிலோ இருக்கும்.

முதல் வழி: நீண்ட எல்இடி பட்டைகளும் அலுமினியச் சேனலும்

100 வாட் விளக்கையே எடுத்துக்கொள்வோம். அதை 56 செ.மீ. நீளமுள்ள எட்டுப் பட்டைகளாகப் பிரித்தால் பட்டை ஒன்றுக்கு 12.5 வாட் மின்சாரம். மின்னோட்டம் குறைவாக இருப்பதால் செயல்திறன் கூடி, பட்டை ஒன்று தரும் வெப்பம் சுமார் 5.5 வாட்டில் நின்றுவிடும். அந்தப் பட்டையை 4 செ.மீ. அகலமுள்ள வெறும் அலுமினியப் பட்டயத்தின் மேல் ஒட்டினாலே, இரண்டு பக்கமும் சேர்த்து 448 சதுர செ.மீ. கிடைக்கிறது, வாட்டுக்கு 81. பட்டயத்துக்குப் பதிலாக 4 செ.மீ. அடியும் 2 செ.மீ. கால்களும் கொண்ட ப-வடிவச் சேனலைக் கால்கள் மேல் நோக்கி நிற்கும்படி வைத்தால், பரப்பு 896 சதுர செ.மீ. ஆகி வாட்டுக்கு 160-ஐத் தாண்டிவிடுகிறது. சேனலின் தடிமன் 1.5 மி.மீ. என்றால் எட்டின் மொத்த எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும்.

மேலே கண்ட ஃபின் ஹீட்சிங்க்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைவு, பரப்போ கூடுதல். வெப்பத்தை முதலில் ஒரு புள்ளியில் குவித்து, பிறகு தடித்த உலோகத்தைக் கொண்டு அதை விரித்து, மேலும் ஃபின்களால் காற்றுக்குக் கொடுப்பதைவிட, தொடக்கத்திலேயே சிதறலாகப் பிறக்கவைப்பது எவ்வளவு சிக்கனமானது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. வளைந்த சேனல் கட்டமைப்பின் சட்டமாகவும் உழைப்பதால் தனிச் சட்டம் தேவைப்படுவதில்லை.

குறைகளும் உண்டு. எட்டுப் பட்டைகள் என்றால் பதினாறு முனைகளில் கம்பி இணைப்புகள். ஒவ்வொன்றும் தளர வாய்ப்புள்ள இடம். பட்டைகளின் விளிம்பிலுள்ள பற்றவைப்புப் புள்ளிகள் சேனலின் உலோகத்தைத் தொட்டுவிடாமலும், திருகின் தலை செம்புத் தடத்தின் மேல் ஏறிவிடாமலும் கவனித்துப் பொருத்த வேண்டும். பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை. ஆனால் பொறுமைதான் இங்கே கேட்கப்படுகிறதே தவிரச் சிறப்புக் கருவிகள் எவையும் அல்ல. ஒளி அகலமாகப் பரவுவதால் விளக்கைச் செடிக்கு அருகே இறக்கலாம் என்பதும், மாடத் தட்டுகள் போன்ற உயரம் குறைந்த இடங்களில் இது பெரிய வசதி என்பதும் கணக்கில் சேர வேண்டியவை.

இரண்டாம் வழி: பலகையும் சமதளத் தகடும்

நூற்றுக்கணக்கான சிறு எல்இடிகள் பரப்பிய பலகைகளை ஒரு சமதள அலுமினியத் தகட்டில் பொருத்துவது இதற்கு நெருக்கமான வழி. 48 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட தகட்டின் இரு பக்கங்களும் சேர்ந்து 2,880 சதுர செ.மீ. தான், 45 வாட் வெப்பத்துக்கு வாட்டுக்கு 64. கைக்கணக்கின்படி போதாது போலத் தோன்றும். ஆனால் ஃபின்களுக்கும் சமதளத்துக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் ஒன்று கதிர்வீசும் வெப்பத்தை அடுத்தது வாங்கிக்கொள்கிறது; வெளிச்சுற்று மட்டுமே உண்மையில் கதிர்வீச்சால் வெப்பத்தை இழக்கிறது. சமதளத் தகட்டின் முழுப் பரப்பும் திறந்த வெளியைப் பார்க்கிறது. அது ஆனோடைஸ் செய்யப்பட்டதாகவோ (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றப்பட்டதாகவோ) வண்ணம் பூசப்பட்டதாகவோ இருந்தால், கதிர்வீச்சும் வெப்பச்சலனமும் சேர்ந்து 5 வாட்டுக்குப் பதிலாக 9 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும். அப்போது அதே தகடு 17 டிகிரி உயர்வோடு நின்றுவிடும்.

பளபளக்கும் வெறும் அலுமினியம் இந்தச் சலுகையைத் தராது. அதன் கதிர்வீச்சுத் திறன் முழுமையான கரும்பொருளின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனோடைஸ் செய்த பரப்பில் அது முக்கால் பங்கைத் தாண்டுகிறது. ஆனோடைஸ் பூச்சு கறுப்பாக இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை. இந்த வெப்பநிலைகளில் உலோகம் வீசும் அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை நிறமற்ற பூச்சும் கறுப்புப் பூச்சும் ஏறத்தாழ ஒன்றுதான். நெருக்கமான ஃபின்கள் உள்ள, விசிறியால் குளிரும் ஹீட்சிங்க்கில் இந்தப் பூச்சால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

மூன்றாம் வழி: சிஓபியும் விசிறியில்லாத ஃபின் ஹீட்சிங்க்கும்

சிஓபி என்பது பல சிப்புகளை ஒரே சிறு தளத்தில் நெருக்கிவைத்த எல்இடி. இரண்டு மூன்று செ.மீ. சதுரத்துக்குள் 50 வாட் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். இணைப்புகள் குறைவு, பொருத்துவது விரைவு, பழுதானால் ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். இந்த வசதிகளுக்கான விலையை ஹீட்சிங்க்கில் கொடுக்கிறோம்.

இங்கே மொத்தப் பரப்பு மட்டும் போதாது, அடித்தட்டின் தடிமனும் கணக்கில் வருகிறது. 25 வாட் வெப்பம் ஒரு தபால்தலை அளவு இடத்தில் பிறந்து முப்பது செ.மீ. அகலத்துக்குப் பரவ வேண்டும். மெல்லிய 2 மி.மீ. தகடு என்றால் நடுவே கொதிக்கும், ஓரம் சில்லென்று இருக்கும். ஓரத்திலுள்ள உலோகத்தைக் காசு கொடுத்து வாங்கியும் அது வேலை செய்யவில்லை என்றே பொருள். சிஓபிக்கு அடித்தட்டு 6 முதல் 10 மி.மீ. வரை இருப்பது நல்லது. பழைய ஹீட்சிங்க் ஒன்று கிடைத்தால் அதை முடிவாக ஏற்பதற்கு முன் எல்இடியை ஒரு மணி நேரம் எரியவிட்டு, நடுவிலும் ஓரத்திலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரிதான் வேறுபாடு என்றால் உலோகம் முழுவதும் உழைக்கிறது. இருபது டிகிரி என்றால் பரப்பளவுக் கணக்கு எதைச் சொன்னாலும் அந்த ஹீட்சிங்க் உங்களுக்குச் சிறியதுதான்.

ஃபின்களுக்கு இடையிலான இடைவெளி அடுத்த முக்கியச் செய்தி. அசைவற்ற காற்று தானே சூடாகி மேலெழுந்து, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் புதுக் காற்றை இழுக்க வேண்டுமானால் 8 முதல் 12 மி.மீ. இடைவெளி வேண்டும். கணினிச் செயலிகளுக்கான ஹீட்சிங்க்குகளில் இடைவெளி பெரும்பாலும் இரண்டு மி.மீ. அளவில்தான் இருக்கும். அவற்றின் மொத்தப் பரப்பைக் கூட்டிப் பார்த்து விசிறியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று முடிவுசெய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தச் சந்துகளில் காற்று பாகு போலத் தேங்கி நின்றுவிடும். திசையும் அப்படியே. ஒளி கீழ்நோக்கி விழும் விளக்கில் ஃபின்கள் மேல்நோக்கி நிற்கும்; காற்று ஓரங்களிலிருந்து நுழைந்து நடுவே எழும். ஆகவே நீளமான ஹீட்சிங்க்கில் ஃபின்கள் நீளவாட்டில் ஓடுவதைவிடக் குறுக்குவாட்டில் ஓடுவது நல்லது. நீளவாட்டில் ஓடுவதுதான் கிடைக்கிறது என்றால் ஒரே நீளமானதைவிட, சிறு இடைவெளிவிட்டு வைத்த இரண்டு மூன்று குட்டையானவற்றை நான் தேர்ந்தெடுப்பேன். மேலே பத்து செ.மீ. இடமாவது திறந்திருக்கட்டும்.

எல்இடிக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய படலத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சிஓபியில் அது முடிவையே மாற்றிவிடும். நான்கு சதுர செ.மீ. தொடுபரப்பில் அரை மி.மீ. தடிமனுள்ள, சாதாரணத் தரமான தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மென்தகடு) வைத்தால் வாட்டுக்கு சுமார் 0.4 டிகிரி தடை. 25 வாட்டில் அதுவே 10 டிகிரி. அதே இடத்தில் மெல்லியதாகத் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒன்றரை டிகிரியோடு நின்றுவிடும். இரண்டு கிலோ அலுமினியம் சேர்த்துப் பெறும் குளிர்ச்சியை ஒரு சொட்டுப் பேஸ்ட் தந்துவிடுகிறது. எல்இடியை ஒருமுறை பொருத்தி, மெல்லக் கழற்றி, பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள். முழுப் பரப்பிலும் ஒரே சீராக, அடியிலுள்ள உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும். ஒரு மூலையில் திட்டாகத் தடித்து, எதிர் மூலையில் பேஸ்டே படாமல் இருந்தால் தளம் சமமாக இல்லை. நுண்ணிய உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து அதில் உலோகத்தைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பீங்கான் தளமுள்ள சிஓபிகளை நேரடியாகத் திருகி இறுக்கினால் விரிசல் விடும். அவற்றுக்கென உள்ள ஹோல்டர்களையே பயன்படுத்துங்கள். நீண்ட பட்டைகளில் வெப்பச் செறிவு குறைவு என்பதால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. சீராக அழுத்திப் பொருத்தினாலே போதும்.

நான்காம் வழி: விசிறி

விசிறி சேர்த்தால் தேவையான பரப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 50 வாட் வெப்பத்துக்கு 2,000 சதுர செ.மீ. போதும். 65 வாட் செயலிக்கென வடிவமைத்த ஹீட்சிங்க், தன் விசிறியோடு சேர்ந்து, 50 வாட் மின்சாரம் வாங்கும் சிஓபியை எளிதாகத் தாங்கும். ஏனென்றால் அந்தச் செயலியின் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது, சிஓபியிலோ பாதிதான். எடை குறைய வேண்டும், இடம் குறுகியது, அதிக ஒளி ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு வழி அரிது.

எனினும் விசிறி என்பது இந்த விளக்கில் அசையும் ஒரே உறுப்பு. எல்இடி பல ஆண்டுகள் உழைக்கும். ஈரக்காற்றிலும் தூசியிலும் நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் சுழலும் சிறு விசிறி அவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது நின்ற கணத்தில், மூன்றில் ஒரு பங்கு பரப்போடு, நெருக்கமான ஃபின்களோடு, முழு மின்னோட்டத்தில் எரிந்துகொண்டிருக்கும் சிஓபிதான் மிஞ்சும்.

சிக்கனக் கணக்கும் விசிறிக்குச் சாதகமாக இல்லை. 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் வாங்கும் விசிறி 2.4 வாட் செலவழிக்கிறது. ஏற்கெனவே தேவையான அளவில் அமைந்த, விசிறியில்லாத ஹீட்சிங்க்கின் மேல் இதைச் சேர்த்து எல்இடியை 20 டிகிரி குளிர்வித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கூடும் ஒளி சுமார் மூன்று விழுக்காடு. 100 வாட் விளக்கில் அது ஏறக்குறைய விசிறி உண்ணும் மின்சாரத்துக்குச் சமம். வாங்கியதைக் கொடுத்துவிட்டோம், கூடவே சத்தத்தையும் ஒரு பழுதடையும் உறுப்பையும் சேர்த்துக்கொண்டோம். விசிறிக்கு உண்மையான நியாயம் எடையும் இடமும் மட்டுமே. கூடுதல் ஒளி அல்ல.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது, அதை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். செடிகளின் தண்டு உறுதிப்படவும் ஈரம் தேங்காமல் இருக்கவும் கூடாரத்துக்குள் எப்படியும் காற்றுச் சுழற்சி விசிறி ஒன்று ஓடும். அதன் காற்றில் ஒரு பகுதி ஹீட்சிங்க்கின் மேலும் தவழும்படி அதைத் திருப்பி வைத்தால், தனி விசிறியில்லாமலே உலோகம் சில டிகிரி இறங்கும். ஆனால் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் காற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும்.

தண்ணீரால் குளிர்விப்பதும் உண்டு. வெப்பத்தைக் குழாய் வழியே கூடாரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. மின்சாரத்துக்கு மேலே தண்ணீர், அதற்கொரு பம்ப், அதன் கசிவு என்று சில நூறு வாட்டுகளுக்காக இவ்வளவையும் ஏற்றுக்கொள்வது வீட்டு அளவில் தேவையற்றது. மின்சாரத்தால் ஒரு பக்கத்தைக் குளிர்வித்து மறுபக்கத்தைச் சூடாக்கும் பெல்டியர் சாதனங்களை முற்றிலும் விலக்கிவிடுங்கள். அவை வெளியேற்றும் வெப்பத்தோடு தங்கள் வெப்பத்தையும் சேர்ப்பதால் ஹீட்சிங்க் இன்னும் பெரிதாகத்தான் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்னும் எதுவும் வாங்காதவர்களுக்கு என் பதில் தயக்கமற்றது: பட்டைகளையோ பலகையையோ வாங்குங்கள், தேவையைவிடச் சற்றுக் கூடுதலான எண்ணிக்கையில் வாங்கிக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்குங்கள், ஹீட்சிங்க்குக்கு ஒதுக்கிய பணத்தை எல்இடியிலேயே போடுங்கள். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதிக்கு மேல் மிஞ்சும். வெப்பமோ பாதிக்கும் கீழே இறங்கும். அந்த வெப்பத்துக்குச் சாதாரணச் சேனலே போதும்.

சிஓபிகள் ஏற்கெனவே கையில் இருந்தால் விசிறியில்லாத ஃபின் ஹீட்சிங்க்கை முதலில் முயலுங்கள். இரண்டு பெரிய சிஓபிகளை முழுமூச்சில் ஓட்டுவதைவிட நான்கை அரைமூச்சில் ஓட்டுவது இங்கும் மேல். மேலிருந்து தொங்கும் கம்பி எடையைத் தாங்காது, அல்லது உயரம் அனுமதிக்காது என்ற நிலை வந்தால் மட்டும் விசிறிக்குப் போகலாம். அப்படிப் போகும்போது, விசிறி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கான ஏற்பாட்டையும் அதே நாளில் செய்துவிட வேண்டும்.

அந்த ஏற்பாடு எளிமையானது. கேஎஸ்டி 301 என்ற பெயரில் கிடைக்கும், இயல்பில் மூடிய நிலையில் இருக்கும் வெப்பச் சுவிட்சை எல்இடிக்கு அருகே ஹீட்சிங்க்கில் திருகிவிட்டால், குறித்த வெப்பநிலையில் அது சுற்றைத் துண்டித்துவிடும். உலோகம் வழக்கமாக 50 டிகிரியில் நிற்கும் விளக்குக்கு 65 அல்லது 70 டிகிரிச் சுவிட்ச் பொருந்தும். அதை டிரைவருக்குள் நுழையும் மாறுமின் (ஏசி) பக்கத்தில் இணையுங்கள். எல்இடிக்குப் போகும் நேர்மின் (டிசி) பக்கத்தில் வேண்டாம். இத்தகைய சுவிட்சுகள் மாறுமின்னோட்டத்துக்கென மதிப்பிடப்பட்டவை. உயர் நேர்மின்னழுத்தத்தைத் துண்டிக்கும்போது தொடுமுனைகளில் எழும் தீப்பொறி எளிதில் அணையாமல் அவற்றை எரித்துவிடக்கூடும். உலோகச் சட்டம், ஹீட்சிங்க் எல்லாவற்றையும் நில இணைப்போடு சேர்ப்பது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் விடக்கூடாத ஒன்று. 36 வோல்ட் சிஓபிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 144 வோல்ட் நேர்மின்சாரம் அந்த உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய காப்புக்கு அப்பால் இருக்கிறது.

செய்து முடித்த விளக்கை அளந்தே தீர வேண்டும். கூடாரத்தை மூடி, எல்லாம் வழக்கம்போல ஓடும் நிலையில், இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அதற்கு முன் உலோகம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும், ஏனென்றால் அது பார்ப்பது உலோகத்தில் பிரதிபலிக்கும் அறையைத்தான். கறுப்பு மின்காப்பு நாடாவில் ஒரு துண்டை ஒட்டி அதன் மேல் அளந்தால் நம்பலாம். கே வகைத் தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்ப உணரி) இருந்தால் தரவுத்தாளில் குறிக்கப்பட்ட உறைப் புள்ளியிலேயே வைத்துவிடுங்கள்.

அளந்த உலோக வெப்பநிலையிலிருந்து அருகிலுள்ள காற்றின் வெப்பநிலையைக் கழித்து வெப்ப வாட்டால் வகுத்தால், உங்கள் ஹீட்சிங்க்கின் உண்மையான வெப்பத் தடை கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் கோடையில் காற்று ஏறும்போது உலோகம் எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அது 60 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தால், புது உலோகம் வாங்குவதற்கு முன் டிரைவரின் மங்கல் திருகைச் சற்றுக் குறைத்து மீண்டும் அளந்து பாருங்கள். மின்னோட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வெப்பம் அதற்கு மேலும் குறையும். ஒளி அந்த அளவுக்குக் குறையாது.